ஆரிட்டப் போய்க் கேக்கிறது? வன்னிக் கைத்தொழில்காரரின்ர கேள்வியளும் பதிலும்

போன இதழில, சின்னதா ஒரு தொழில் செய்யிற ஆக்கள் தங்களுக்குத் தேவையான விபரத்தை எங்க எடுக்கலாம் எண்டு கேட்டு எழுதுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறம் எண்டு ஒரு பெட்டிச் செய்தி போட்டனாங்கள். வட்ஸ்அப்பில குரல்ல அனுப்பினவைதான் கூட, கொப்பித்தாள்ல எழுதித் தபால்ல போட்டவையும் இருக்கினம். பேரைப் போடாதேங்கோ எண்டு கனபேர் சொன்னபடியால் ஊரை மட்டும் போட்டிருக்கு. ஒரே கேள்விய நாலைஞ்சு பேர் கேட்டிருந்தா அதை ஒண்டாச் சேர்த்திட்டன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): நானும் தங்கச்சியும் கச்சான் (நிலக்கடலை) வறுத்துப் பக்கெற் பண்ணி ஊர்க் கடையளுக்குப் போடுறம், கச்சான் அல்வாவும் செய்யிறம். இப்ப ஒரு சுப்பர்மார்க்கெற்றில கேட்டுப் பாத்தம், பதிவு இருக்கோ, லாப் றிப்போட் இருக்கோ, பார்கோட் இருக்கோ எண்டு ஒரே மூச்சில கேட்டிட்டினம். எதை முதல் செய்யிறது, ஆரிட்டப் போறது?

பதில்: அக்கா, அவை கேட்ட ஒழுங்கிலயே நீங்களும் போகலாம், பார்கோட்டுக்கு மட்டும் அவசரப்படாதேங்கோ.

முதல் வியாபாரப் பேர்ப் பதிவு. இது உங்கட பிரதேச செயலகத்திலயே நடக்கும், கொழும்புக்கு ஓடத் தேவையில்ல. அடையாள அட்டை, கிராம சேவகரின்ர, அதாவது ஜீஎஸ்ஸின்ர உறுதிப்படுத்தல், தொழில் நடக்கிற இடத்துக்கான பத்திரம் எல்லாம் கேப்பினம், எங்கட பக்கத்தில காணிப் பத்திரம் எண்டாலே பலருக்குச் சிக்கல் எண்டபடியால் அப்பிடி ஏதும் இருந்தா ஃபோம் நிரப்ப முதலே ஜீஎஸ்ஸோட கதைச்சு என்ன குடுத்தா ஏற்பினம் எண்டு கேட்டிட்டுப் போங்கோ. இல்லாட்டி ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு பஸ் பயணம்.

அடுத்தது பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கனபேர் இவரைப் பொலிஸ் மாதிரி நினைச்சு ஒளிக்கிறது, அது பிழை. கொட்டிலைப் போட முதலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் அவரைக் கண்டு, நான் இன்ன இடத்தில இன்னது செய்யப் போறன், நிலம் எப்பிடி இருக்கோணும், வலை எங்க அடிக்கோணும், தண்ணி எங்கயிருந்து எடுக்கோணும் எண்டு கேளுங்கோ. கட்டி முடிச்சாப் பிறகு அவர் வந்து சுவரைத் தள்ளி வையுங்கோ எண்டு சொல்லுறதை விட இது மலிவு.

பக்கெற்றில என்ன எழுதோணும் எண்டதும் அவரிட்டயே கேக்கலாம். சாமானின்ர பேர், சேர்மானம், நிகர எடை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், உங்கட பேர் முகவரி, ஆகக்கூடிய சில்லறை விலை, இவ்வளவும் வேணும். தொகுதி இலக்கத்தைக் கனபேர் விடுகினம். ஒரு நாள் வறுத்தது பழுதாப் போனா எந்த நாள் வறுத்தது எண்டு பிடிக்கிறது அதை வச்சுத்தான், இல்லாட்டிக் கடையில இருக்கிற முழுப் பக்கெற்றையும் திருப்பி எடுக்க வேண்டி வரும். நிறுக்கிற தராசுக்கும் வருசா வருசம் முத்திரை குத்தோணும், மறக்காதேங்கோ.

இப்ப லாப் றிப்போட். "லாப் றிப்போட் கொண்டு வாங்கோ" எண்டு சொல்லுறவையிட்ட, எந்தப் பரிசோதனை எண்டு எழுத்தில வாங்குங்கோ. சும்மா போய் எல்லாத்தையும் பாருங்கோ எண்டு நிண்டா காசு தண்ணியாப் போகும். கச்சானுக்கு முக்கியமாக் கேக்கிறது அஃப்லடொக்சின். கச்சான் சரியாக் காயாமக் கிடந்தா ஒரு பூஞ்சணம் பிடிக்கும், அது விடுற நஞ்சு அது, ஈரலுக்குக் கூடாது, கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாப் போயிடும் எண்டு நினைக்காதேங்கோ, கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. பரிசோதனை செய்யிற இடங்கள்ல ஒண்டு கொழும்பில இருக்கிற கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், ஐடிஐ எண்டு சொல்லுவினம், 1955ல வேற பேரில தொடங்கினது.

ஆனா றிப்போட்டுக்குக் காசு கட்ட முதல் உங்கட கச்சான் காய்ஞ்சிருக்கோ எண்டு வீட்டிலயே பாக்கலாம். கோதோட கச்சானில ஈரம் நூற்றுக்கு 9க்குக் கீழ வரோணும், உடைச்ச பருப்பெண்டா 7. மீற்றர் இல்லாட்டி, ஒரு பிடியை நல்ல காய்ஞ்ச பொலித்தீன் பையில போட்டு இறுக்கிக் கட்டி வெயில்ல கொஞ்ச நேரம் வையுங்கோ. பைக்கு உள்பக்கம் வேர்த்த மாதிரித் துளி பிடிச்சா இன்னும் ஈரம் இருக்கு. கோதைக் காதடியில ஆட்டினா உள்ள பருப்பு கலகலக்கோணும், பருப்பை விரலால தேய்ச்சா தோல் கழரோணும். பூஞ்சணம் பிடிச்சது, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாத்தையும் வறுக்க முதல் கையால பொறுக்கி எறியோணும், பொறுக்கினதை மாவாக்கி அல்வாவுக்குப் போடக்கூடாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கு, செய்யிற ஆக்கள் இருக்கினம்.

பார்கோட் கடைசி. இலங்கைப் பார்கோட் 479ல தொடங்கும், குடுக்கிறது ஜீஎஸ்1 லங்கா எண்ட நிறுவனம். கட்டணத்தைக் கேட்டு, சுப்பர்மார்க்கெற் உங்கட சாமானை எடுக்கிறம் எண்டு சொன்னாப் பிறகு எடுங்கோ. ஊர்க்கடைக்கும் முறிகண்டிக் கடைக்கும் அது தேவையே இல்ல.

கேள்வி (மல்லாவி): நான் யூரியூப்பில பாத்து மசாலாத்தூள் தொழில் தொடங்க இருக்கிறன். அதில எஃப்எஸ்எஸ்ஏஐ, உத்யம், முத்ரா லோன் எல்லாம் எடுக்கச் சொல்லினம். இங்க அதெல்லாம் எங்க எடுக்கிறது அண்ணை?

பதில்: தம்பி, எங்கயும் எடுக்கேலாது, அது மூண்டும் இந்தியாவில உள்ள உணவு அனுமதி, சின்னத் தொழில் பதிவு, தொழில் கடன். இந்தக் கேள்வி ஒராள் ரெண்டு பேரில்ல, கனபேர் கேட்டிருக்கினம், கேட்டதில பிழையும் இல்ல. தமிழில தொழில் பற்றித் தேடினா வாறது முக்காவாசி தமிழ்நாட்டு வீடியோ, பேசுற ஆள் எந்த நாட்டுச் சட்டம் எண்டு சொல்லாமல் "உங்க ஏரியா ஆபீஸ்ல அப்ளை பண்ணுங்க" எண்டு சொல்லிட்டுப் போயிடும். எங்கட சட்டத்தைத் தமிழில சொல்லுற ஆள் குறைவு எண்டபடியால் அந்த இடத்தை அது நிரப்பிப் போடுது. இங்க சாப்பாட்டுச் சாமானுக்கு 1980ம் ஆண்டின் 26ம் இலக்க உணவுச் சட்டம், பதிவுக்குப் பிரதேச செயலகம், ஊருக்குள்ள தொழில் நடத்த பிரதேச சபை அனுமதி, இவ்வளவையும் முதல் பாருங்கோ.

அதுக்காக அந்த வீடியோவை மூடி வைக்கச் சொல்லேல்ல. சட்டத்தை அங்கயிருந்து எடுக்காதேங்கோ, செய்முறையை எடுங்கோ. மிளகாய் எவ்வளவு காயோணும், மல்லியை எவ்வளவு சூட்டில வறுக்கோணும் எண்டதுக்கு நாடு இல்ல. மைசூர்ல 1950ல தொடங்கின சிஎஃப்ரிஆர்ஐ எண்ட உணவு ஆராய்ச்சி நிலையத்தின்ர செய்முறையள் நல்ல தரம். அங்கத்தைய மெசின் இங்க ஓடும், ரெண்டு நாட்டிலயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். நீங்கள் பாக்க வேண்டியது வேற: மோட்டார் சிங்கிள் ஃபேஸோ த்ரீ ஃபேஸோ, உங்கட வீட்டு மீற்றர் அதைத் தாங்குமோ எண்டு மின்சார சபையிட்டக் கேட்டனீங்களோ, சல்லடை கிழிஞ்சா, பெல்ற் அறுந்தா, பெயாரிங் போனா சாமான் வவுனியாவிலயோ யாழ்ப்பாணத்திலயோ கிடைக்குமோ. பெல்ற்றின்ர நம்பரைக் கூட முதலே எழுதி வாங்குங்கோ. மெசின் விக்கிறவர் வாங்கேக்க நல்லாத்தான் கதைப்பார்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): எங்கட அப்பா சொல்லுவார் ஐடிபிக்கு கடிதம் போட்டாச் சவர்க்காரம் செய்யிற முறை, கண்ணாடிப் போத்தல் விக்கிற இடம் எல்லாம் எழுதி அனுப்புவினம் எண்டு. உண்மையோ? இப்பவும் அப்பிடி ஒண்டு இருக்கோ?

பதில்: ஐடிபி எண்டா கைத்தொழில் அபிவிருத்திச் சபை, 1969ம் ஆண்டின் 36ம் இலக்கச் சட்டத்தால வந்தது, தலைமைக் கந்தோர் மொறட்டுவப் பக்கம் கட்டுபெத்தையில. சின்னக் கைத்தொழிலுக்கு யந்திரமும் கடனும் மட்டும் காணாது, விபரமும் வேணும் எண்ட எண்ணம் அந்தக் காலத்தில உலகம் முழுக்க ஓடினது. இந்தியாவில ஹைதராபாத்தில சியெட் எண்ட நிறுவனம் 1970 வாக்கில சென்டொக் எண்டு ஒரு ஆவண நிலையத்தைச் சின்னத் தொழிலுக்கு எண்டே திறந்தது. கனடாவின்ர ஐடிஆர்சி எண்ட ஆராய்ச்சி உதவி நிறுவனம் காசு போட்டு 1970களில சிங்கப்பூரில டெக்னோநெட் ஆசியா எண்டு ஒரு வலையமைப்பு வந்தது, இலங்கையில இருந்து அதில இருந்தது ஐடிபி. அதின்ர யோசனை நல்ல யோசனை: கொழும்பில ஒருத்தர் கேக்கிற கேள்விக்குப் பதில் மணிலாவில இருந்தா அதை எடுத்து அனுப்புறது, அனுப்புறதோட விடாமல் ஒரு உத்தியோகத்தர் அந்தப் பட்டறைக்கே போய் விளங்கப்படுத்திறது. அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம், அதுக்குத்தான் எப்பவும் ஆள் காணாது.

வன்னிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது எண்டா, உங்கட அப்பாவுக்குக் கடிதம் வந்தது எண்டாலே பெரிய விசயம். எங்களுக்குப் பரந்தனில இரசாயனத் தொழிற்சாலை இருந்தது, 1950களில தொடங்கி கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது, உங்கட ஊர்ல ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, அங்க வேலை செய்த ஆக்கள்தான் ஊருக்குள்ள நடமாடின நூலகம். சவர்க்காரத்துக்குச் சோடா எவ்வளவு போடோணும் எண்டு பரந்தனில வேலை செய்தவரைத்தான் கேப்பினம். பிறகு 90களில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்ல, பற்றறி இல்ல, சவர்க்காரம் இல்ல. மோட்டார் சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில ஓட்டினது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கு, இதெல்லாம் எந்தக் கந்தோரும் சொல்லித் தரேல்ல, வாயாலயே ஒரு ஊரில இருந்து மற்ற ஊருக்குப் போனது. அதில ஒரு குறையும் இருந்தது, பிழையான முறையும் அதே வேகத்தில போகும், எழுதி வைக்கவும் ஆளில்ல.

இப்ப ஐடிபிக்கு மாவட்டங்கள்ல அலுவலகம் இருக்கு. அதோட உங்கட பிரதேச செயலகத்துக்குள்ளயே ரெண்டு பேர் இருக்கினம், கனபேருக்கு அது தெரியாது. ஒருத்தர் சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர், மற்றவர் விதாதா வள நிலையத்துக்காரர். விதாதா எண்டது தொழில்நுட்பத்தைக் கிராமத்துக்குக் கொண்டு போறதுக்கெண்டு வந்த திட்டம், சாப்பாட்டுச் சாமான், சவர்க்காரம், காளான் எண்டு பயிற்சி வைப்பினம். பயிற்சிக்கு மட்டும் போயிட்டு வராமல் உங்கட பிரச்சினையைக் கொண்டு போய் மேசையில வையுங்கோ, அவைக்குத் தெரியாட்டி மேல கேட்டுச் சொல்லோணும், அதுதான் அவையின்ர வேலை.

கேள்வி (வவுனியா): பாங்கில லோனுக்குப் போனா, உங்கட பேர் கிரிப்பில இருக்கு, தரேலாது எண்டினம். நான் எடுத்த கடனெல்லாம் கட்டி முடிச்சிட்டன். கிரிப் எண்டது கறுப்புப் பட்டியலோ?

பதில்: இல்ல. கிரிப் எண்டது கடன் தகவல் பணியகம், 1990ம் ஆண்டின் 18ம் இலக்கச் சட்டத்தால வந்தது. கடன் எடுத்த எல்லாரின்ர பேரும் அதில இருக்கும், ஒழுங்காக் கட்டினவரின்ரயும் இருக்கும். பணியகம் தரலாம், தரேலாது எண்டு சொல்லுறதில்ல, விபரத்தைக் குடுக்கும், முடிவெடுக்கிறது பாங்க். அதால "கிரிப்பில இருக்கு" எண்டது ஒரு பதிலே இல்ல தங்கச்சி, அதில என்ன இருக்கு எண்டதுதான் கேள்வி. உங்கட றிப்போட்டை நீங்களே காசு கட்டி எடுக்கலாம், எடுத்துப் பாருங்கோ. ரெண்டு விசயத்தைத் தேடுங்கோ. கட்டி முடிச்ச கடன் இன்னும் முடியாத கடனாக் கிடக்குதோ, அப்பிடியெண்டா கடன் தந்த நிறுவனத்திட்டப் போய்த் திருத்தக் கேக்கோணும், கட்டின பற்றுச்சீட்டுகளோட போங்கோ. மற்றது, வேற ஆருக்கும் பிணை நிண்டனீங்களோ. எங்கட பக்கத்துப் பெண்கள் குழுக் கடனுக்கு ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்து வச்சு வச்சு, ஆர் ஆருக்குப் பிணை எண்டதே மறந்து போச்சு, நீங்கள் கட்டி முடிச்சும் பக்கத்து வீட்டுக்காரி கட்டாத கடன் உங்களிட்ட வந்து நிக்கும்.

கேள்வி (கிளிநொச்சி): இணையத்தளம் இங்கிலீசில, கந்தோர்ல இருந்து வாற கடிதம் சிங்களத்தில. மானியமா மெசின் குடுக்கிறாங்கள் எண்டு கேள்விப்படேக்க எல்லாம் குடுத்து முடிஞ்சிருக்கும். எங்களுக்கு எப்பிடி முதலே தெரிய வாறது?

பதில்: கடிதத்தைத் தமிழில தாங்கோ எண்டு கேக்கிறது உங்கட உரிமை, வடக்கு கிழக்கில நிர்வாக மொழியே தமிழ்தான் எண்டு அரசியலமைப்பிலயே இருக்கு. சிங்களக் கடிதத்தை ஆரிட்டையும் குடுத்து வாசிப்பிச்சுப் பதில் போடாமல், விளங்கேல்ல, தமிழில அனுப்புங்கோ எண்டு ஒரு வரி தமிழிலயே எழுதி அனுப்புங்கோ. பயப்பிடாதேங்கோ, கோப்பில அது கிடக்கிறது உங்களுக்கு நல்லம். அவசரமா எந்தக் கந்தோர் எண்டு மட்டும் அறியோணும் எண்டா 1919க்கு அடிக்கலாம், தமிழிலயும் கதைப்பினம். விளைச்சல், பயிர் சம்பந்தப்பட்டது எண்டா விவசாயத் திணைக்களத்தின்ர 1920.

மெசின் விசயம் வேற. அதுக்குத்தான் 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2017ல இருந்து நடைமுறையில. அந்தந்தக் கந்தோர்ல தகவல் உத்தியோகத்தர் எண்டு ஒருத்தர் இருக்கோணும், அவரிட்ட எழுதிக் குடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ, 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும். சொல்லாட்டி மேல குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர், அதுக்கும் மேல ஆணைக்குழு. ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல.

கேக்கிற விதத்திலதான் எல்லாம் இருக்கு. "எனக்கு ஏன் மெசின் தரேல்ல" எண்டு எழுதினா அது முறைப்பாடு, பதில் சுத்தி வளைச்சு வரும். "இந்த வருசம் எங்கட பிரதேச செயலகப் பிரிவில கைத்தொழில் உபகரண உதவிக்கு எவ்வளவு நிதி வந்தது, என்னென்ன உபகரணம், ஆக்களைத் தெரிவு செய்த அளவுகோல் என்ன, விண்ணப்பம் கோரின அறிவித்தலின்ர பிரதி" எண்டு எழுதினா அது பதிவேட்டில உள்ளது, தந்துதான் ஆகோணும். அந்த அறிவித்தல் எங்க ஒட்டினது, எந்த மாசம் ஒட்டினது எண்டு ஒருக்காத் தெரிஞ்சிட்டா அடுத்த வருசம் அந்த மாசம் நீங்கள் அங்க நிக்கலாம். ஆனா இது பதிவில உள்ளதை எடுக்கிற சட்டம், ஆலோசனை கேக்கிற சட்டம் இல்ல. என்ன தொழில் செய்தால் நல்லம் எண்டு இதில கேக்காதேங்கோ.

கேள்வி (செட்டிகுளம்): வீட்டோட சேர்ந்த சின்ன மில், மாவும் மிளகாயும் அரைக்கிறன். பக்கத்து வீட்டுக்காரர் தூசி, சத்தம் எண்டு முறைப்பாடு. சுற்றாடல் அனுமதி எடுங்கோ எண்டு பிரதேச சபை சொல்லுது. எங்க எடுக்கிறது?

பதில்: தொழிலின்ர அளவைப் பொறுத்து. பெரிசுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, சின்னதுக்கு பிரதேச சபையே சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் குடுக்கும். மோட்டார் எத்தினை குதிரைவலு, எத்தினை பேர் வேலை எண்டு எழுதிக்கொண்டு போய் நான் எந்த வகுப்பு எண்டு கேளுங்கோ. அதுக்கு முதல் மெசினுக்குக் கீழ ரப்பர் போடுங்கோ, தூசி போற பக்கத்துக்குத் துணிப்பை கட்டுங்கோ, மிளகாய் அரைக்கிற நேரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரோட கதைச்சு வையுங்கோ. மிளகாய்த் தும்மலுக்கு எந்தச் சட்டமும் நிக்காது.

கேள்வி (விசுவமடு): ஒருத்தர் 15,000 ரூபா தாங்கோ, பாங்குக்குப் புரொஜெக்ற் றிப்போட் எழுதி லோனும் எடுத்துத் தாறன் எண்டார். குடுக்கலாமோ?

பதில்: வேண்டாம். லோன் எடுத்துத் தாறன் எண்டு ஆரும் வாக்குக் குடுக்கேலாது. றிப்போட் எழுத சிறு தொழில் முயற்சி உத்தியோகத்தர் உதவி செய்வார், அதுக்குக் காசில்ல. காசு குடுத்து எழுதிச்சா பாங்க் மனேஜர் உள்ள இருக்கிற கணக்கைக் கேக்கேக்க நீங்கள் முழிக்க வேண்டி வரும்.

கணக்கு நீங்கள்தான் போடோணும், கஷ்டம் இல்ல. மேல கச்சான் அக்காவுக்கும் சேர்த்துச் சொல்லுறன். ஒரு கணக்குக்குக் கோதோட கச்சான் கிலோ 500 ரூபா எண்டு வையுங்கோ, 10 கிலோ 5,000. 10 கிலோவில நூறு கிராம் பக்கெற் நூறு வரும், ஆகவே பக்கெற்றுக்கு 50 ரூபாக் கச்சான் எண்டு போடுவினம், அங்கதான் எல்லாரும் அடிவாங்கிறது. உடைச்சா நல்ல கச்சானில 7 கிலோப் பருப்பு வரும், சப்பட்டை கூட எண்டா 6ம் வராது. பொறுக்கி எறிஞ்சு, வறுத்து ஈரம் போனாப் பிறகு, நல்ல கச்சானெண்டா 65 பக்கெற் எண்டு வையுங்கோ. இப்ப பக்கெற் ஒண்டுக்குக் கச்சான் மட்டும் 77 ரூபா. அதுக்கு மேல விறகோ காஸோ, பை, லேபல், கரண்ட், பஸ்ஸுக்கு ஏத்தினது, கடைக்காரன் எடுக்கிற பங்கு, விக்காமத் திரும்பி வந்தது, கடைசியா நீங்களும் பிள்ளையும் இருந்து உடைச்ச கூலி. வீட்டு ஆக்களின்ர கூலியைப் போடாமல் லாபம் எண்டு சொல்லுறது எங்கட பக்கத்தில பெரிய வியாதி. ஒரு கொப்பியில ஒரு மாசம் இப்பிடி எழுதினியள் எண்டா அதுதான் புரொஜெக்ற் றிப்போட், மனேஜர் எந்தப் பக்கத்தால கேட்டாலும் பதில் இருக்கும்.

கேள்வி (முல்லைத்தீவு): கருவாடு போடுறம். மாரியில புழு வைக்குது, மண் ஒட்டுது. கொழும்புக் கடைக்காரன் விலையைக் குறைக்கிறான். வெயில் பெட்டி மாதிரி ஒண்டு இருக்காமே?

பதில்: இருக்கு, சோலர் ட்ரையர். ஜாஎல, ஏக்கலயில 1974ல தொடங்கின நேர்ட் எண்ட பொறியியல் ஆராய்ச்சி நிலையத்திட்ட உலர்த்திகளைப் பற்றிக் கேக்கலாம், கடல் சாமானுக்கெண்டே 1981ல வந்த நாரா எண்ட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. ஆனா பெட்டிக்குக் காசு தேட முதல் மணலில காயப்போடுறதை விடுங்கோ. இடுப்பளவு உயரத்தில கம்பு நட்டு வலை இழுத்துக் கட்டினாக் காத்து கீழாலயும் போகும், மண் ஒட்டாது, நாயும் வராது. மீனை வெட்டின உடன நல்ல தண்ணியில கழுவி, இரத்தம் போக்கி, 3 கிலோவுக்கு 1 கிலோ உப்பு எண்ட கணக்கில போடுங்கோ, உப்பில மிச்சம் பிடிச்சா மாரியில இலையான் வந்து முட்டை வைக்கும், அதுதான் பேந்து புழு. மேல ஒரு மெல்லிய நுளம்பு வலையும் போடுங்கோ.

கேள்வி (கிளிநொச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஒவ்வொரு பிரதேசத்திலும் கணினியோட கூடிய ஒரு கைத்தொழில் தகவல் நிலையம் அரசாங்கம் கட்டித் தந்தால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீருமே, உங்கட கருத்து என்ன?

பதில்: சேர், மன்னிக்கோணும், எனக்கு அதில நம்பிக்கை இல்ல. நெனசல எண்டு 2000களில நாடு முழுக்கக் கணினி நிலையம் திறந்தவை. இணையம் பாக்க, பிள்ளையள் கணினி பழக அது உதவினது, அதை மறுக்கேல்ல. ஆனா கருவாட்டுக்குப் புழு வைக்குது எண்டு ஒரு அம்மா வந்து நிண்டாக் கணினிக்கு முன்னால அவவை இருத்தி என்ன செய்யிறது? அவவுக்கு வேணுமானது விபரம் இல்ல, அவவின்ர கேள்விய வாங்கிக்கொண்டு போய், ஏக்கலயிலயோ அனுராதபுரத்தில இருக்கிற அறுவடைக்குப் பின்னரான முகாமைத்துவ நிறுவனத்திலயோ கேட்டு, இங்கிலீசில வந்ததைத் தமிழில நாலு வரியாக்கி, அடுத்த கிழமை திரும்ப வந்து செய்து பாத்தனீங்களோ எண்டு கேக்கிற ஒரு ஆள். கட்டிடத்துக்குத் திறப்பு விழா வைக்கலாம், படம் எடுக்கலாம், ஆளுக்குச் சம்பளம் குடுக்கிறதுக்குப் படம் எடுக்கேலாது, அதால கட்டிடம் வரும் ஆள் வராது.

நீங்கள் ஆசிரியரா இருந்தபடியால் ஒண்டு கேக்கிறன். அறிவியல்நகர்ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கு, விவசாய பீடமும் கிளிநொச்சியிலதான், 2016ல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கதான், இரணைமடுச் சந்தியடியில விவசாய ஆராய்ச்சி நிலையம். வன்னியில ஒரு பத்து மைலுக்குள்ள இவ்வளவு படிச்ச ஆக்கள் முந்தி ஒருநாளும் இருந்ததில்ல. கடைசி வருசப் பிள்ளையளுக்கு ஆய்வுக்குத் தலைப்பு வேணும், எங்கட ஆக்களிட்டத் தலைப்புக் குவிஞ்சு கிடக்கு. உங்களிட்டப் படிச்சவை கட்டாயம் அங்க ஆரும் இருப்பினம், அவைக்கும் இந்தப் பக்கத்தில எழுதின நாலு பேருக்கும் நடுவில நிண்டு கதைச்சுக் குடுப்பியளோ? சம்மதம் எண்டாப் பத்திரிகைக் கந்தோருக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, கேள்வியளை நான் கட்டி அனுப்புறன்.

கேள்வி (பூநகரி): பனங்கட்டி மழைக்கு இளகுது. ஆரிட்டக் கேக்கிறது?

பதில்: கைதடியில பனை ஆராய்ச்சி நிலையம், 1978ல வந்த பனை அபிவிருத்திச் சபையின்ர கீழ. போகேக்க இளகின கட்டி ரெண்டும் இளகாத கட்டி ரெண்டும் கொண்டு போங்கோ, ரெண்டும் எந்த நாள் காய்ச்சினது, சுண்ணாம்பு எவ்வளவு தடவினது, எதில சுத்தி வச்சது எண்டு ஒரு துண்டில எழுதி ஒட்டிப் போடுங்கோ. அதுவரைக்கும் ஓலைக் குட்டானோட சேர்த்துக் காத்துப் போகாத வாளியில மூடி வையுங்கோ, அடுப்படிப் பரண் நல்லம்.